வேகவைத்தாலும் போகாத பச்சை

நகரி நெசவாளி கன்னையாவின் மகள் தாட்சாயணி சித்தூரில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்தாள். கார்வேட்டிநகரத்துக்குக் கிழக்கே இருந்த ஈச்சங்குப்பத்துத் தாய்சேய் நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, ஆந்திர ராஜ்யம் பிறந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. நிலையம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த ஓர் அறை, ஒரு மரக்கட்டில், மருந்து அலமாரி, அவள் தங்கிக்கொள்ளப் பின்பக்கம் ஒரு சார்ப்பு, அவ்வளவுதான். சர்க்கார் கொடுத்த உடுப்பு வெள்ளைப் புடவையும் வெள்ளை ரவிக்கையும். பயிற்சியில் எல்லாப் பெண்களும் கொக்குக் கூட்டம் போல வெள்ளையாகவே திரிந்ததால், அந்த நிறத்தைப் பற்றி அவள் யோசித்ததே கிடையாது.

யோசிக்காதவள் என்று சொல்லிவிட முடியாது. சின்ன வயசிலிருந்தே ஏன் என்று கேட்டுவிட்டால் பதில் வரும்வரை இடத்தை விட்டு நகராதவள் அவள். "நைனா, அரக்குக்குப் பக்கத்துல எப்பவும் மஞ்சளே எதுக்குப் போடறே? ஊதா போட்டா இன்னா ஆவும்?" என்று தறிக்குழிக்கு மேலே குனிந்து நின்று கேட்பாள். "விக்காது" என்பார் கன்னையா. "ஏன் விக்காது?" என்பாள். அவர் நாடாவை எறிந்துகொண்டே சிரிப்பார்.

ஆடி மாதத்தில் ஒரு பகல். கங்கையா என்ற விவசாயி கழனியிலிருந்து மண் கால்களோடு ஓடிவந்து நிலையத்து வாசலில் நின்றான்.

"எங்க வூட்ல வலி எடுத்துக்கிச்சும்மா. தலைப் பிரசவம். ஊர் மருத்துவச்சி நாராயணவனம் போய்கீறா. நீங்கதான் வரணும்."

தாட்சாயணி பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினாள். வேலைக்கு வந்தபின் அவளுக்கு வந்த முதல் அழைப்பு அது. வீட்டு வாசலில் கங்கையாவின் அம்மா கமலம்மா இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு வழியை மறித்தாள்.

"அங்கயே நில்லும்மா. ஆரு நீ?"

"சர்க்கார் மருத்துவச்சி. உங்க புள்ளதான் கூட்டிக்கினு வந்தாரு."

"அது சரி. புருசன் செத்தவளா நீ?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே."

"அப்ப எதுக்கு வெள்ளைப் பொடவை?"

தாட்சாயணி வாயைத் திறந்தாள். "எங்களுக்கு இதான் உடுப்பு" என்று முனகினாள்.

"உனக்கு உடுப்பு. எங்க வூட்டுக்கு இது மொதப் புள்ள. கண்ணைத் தொறந்ததும் வெள்ளையத்தான் பாக்கணுமா அது?"

உள்ளேயிருந்து கங்கையாவின் மனைவி சுந்தரி கத்தும் சத்தம் வந்தது. வழக்காட நேரமில்லை. "வேற பொடவை ஒண்ணு குடுங்க, கட்டிக்கினு வரேன்" என்றாள் தாட்சாயணி. கமலம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் பெட்டியிலிருந்த சிவப்புக் கட்டம் போட்ட புடவையைக் கொண்டுவந்து நீட்டினாள். மாட்டுக்கொட்டகைச் சுவருக்குப் பின்னால் நின்று அதைக் கட்டிக்கொண்டு, சோப்பு போட்டுக் கை கழுவி, தாட்சாயணி உள்ளே நுழைந்தாள். மாடுகள் வீடு திரும்பும் நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது.

வெள்ளைப் புடவையைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கமலம்மாவின் சிவப்புப் புடவையோடேயே அவள் வரப்பில் நடந்து திரும்பினாள். வந்த நாளிலிருந்து காலையில் அவள் எதிரே வரும் ஆட்கள் சட்டென்று நின்று, திரும்பிப் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவதைக் கவனித்திருந்தாள். சர்க்கார் ஆளுக்குக் கொடுக்கும் மரியாதை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அதன் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்து, "ஆரு வூட்டுப் பொண்ணும்மா நீ? எந்த ஊரு?" என்று கேட்டாள். அந்த ஊரில் அவளை அப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை.

கமலம்மாவின் கேள்வி தாட்சாயணியின் மண்டைக்குள் புகுந்துகொண்டது. எதுக்கு வெள்ளை? மருந்து வாங்கக் கார்வேட்டிநகரம் போனபோது கம்பவுண்டர் பச்சையப்பனிடம் கேட்டாள்.

"வெள்ளைன்னா சுத்தம்மா. அழுக்குப் பட்டா உடனே தெரியும்."

"அப்ப நீங்க ஏன் காக்கி போட்டுக்கினு கீறீங்க?"

பச்சையப்பன் தன் சட்டையைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார். "நான் கேக்கவே இல்லியே. குடுத்தாங்க, போட்டுக்கினேன்" என்றார்.

சித்தூர் போனபோது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மூத்த நர்ஸைக் கேட்டாள். "வெள்ளைக்காரி காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்று பதில் வந்தது. கடைசியில் ஈச்சங்குப்பத்து வண்ணாரைக் கேட்டாள். அவர்தான் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "சாயத் துணிய வெள்ளாவியில வெச்சா பல்லை இளிச்சிடும். வெள்ளைன்னா எத்தினி வாட்டி வேணா அவிச்சு எடுக்கலாம். ரத்தம் கித்தம் படற வேலை, அவிக்காம முடியுமா?"

கேட்ட பதில்களில் இது ஒன்றுதான் பதில் மாதிரி இருந்தது. சாயம் போகாத புடவை கிடைத்துவிட்டால் இந்தக் காரணமும் நிற்காது என்று அவளுக்கு உடனே தோன்றியது. லீவு கிடைத்ததும் நகரிக்குப் போனாள்.

"வெள்ளாவியில வெச்சாலும் போவாத சாயம் கீதா நைனா?"

"கீதே. சீமைச் சாயம். லுங்கி நூலுக்குப் போடறோம். பொடவைக்கு ஆரும் கேக்கறதில்ல."

"நான் கேக்கறேன்."

அழுத்தமான பச்சை உடல், கத்தரிப்பூ நிறத்தில் கரை என்று அவளே சொன்னாள். கன்னையா முகத்தைச் சுளித்தார். இது எந்தக் கடைக்காரனும் சீண்டாத சேர்க்கை என்றார். ஆனாலும் நெய்தார். புடவை கைக்கு வந்ததும் தாட்சாயணி பின்கட்டில் அண்டாவை ஏற்றிச் சோடா உப்புப் போட்டு அதை வேகவைத்தாள். அலசிப் பிழிந்து மறுபடி வேகவைத்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பச்சை அசையவில்லை.

பிறகு ஈச்சங்குப்பத்தில் அவள் அந்தப் பச்சையில்தான் நடமாடினாள். பிரசவத்துக்குப் போனால் மேலே ஒரு வெள்ளைத் துணியை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள், வேலை முடிந்ததும் அதை அவிழ்த்து வேகவைக்கப் போட்டுவிடுவாள். பச்சைக்குப் பின்னால் மாம்பழ மஞ்சளில் கறுப்புக் கட்டம் வந்தது. வெங்காயச் சருகு நிறம் வந்தது. மழைக்கு முந்தின வானம் மாதிரி ஒன்று கேட்டு, கன்னையா நூல் கலந்து கலந்து அலுத்துப்போய் அதையும் நெய்து கொடுத்தார். கட்டத்தின் அளவை, கரையின் அகலத்தை அவளே சொல்வாள். ஊர்ப் பெண்களுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. வலியில் படுத்திருப்பவள்கூட, "அந்தம்மா இன்னா கலர்ல வந்துக்கினு கீறாங்க, எட்டிப் பாருடி" என்பாள். "எங்க பெரியவன் வெங்காயச் சருகுல பொறந்தான், சின்னவ மாம்பழத்துல" என்று பிள்ளைகளுக்கு அடையாளம் சொன்னார்கள். அவளை வரப்பில் பார்த்து யாரும் திரும்பிப் போய் உட்காரவில்லை.

மேலிடத்திலிருந்து யாராவது வந்து கேட்டால் சொல்வதற்கு அவள் கையில் பதில் தயாராக இருந்தது: இந்தப் பக்கத்து ஜனங்கள் வெள்ளைப் புடவையைப் பிரசவ வீட்டுக்குள் விடமாட்டார்கள். நிலையங்களைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இரண்டொருவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நாலு வருஷம் இப்படியே ஓடியது.

அப்புறம் வரலட்சுமி வந்தார். ஜில்லாவுக்குப் புதிதாக வந்த மேற்பார்வையாளர். நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். நாற்பது வயசு இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கரைகூடக் கிடையாது. ஜீப்பிலிருந்து இறங்கியவர், கத்தரிப்பூக் கரையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலில் அலமாரியைச் சோதித்தார், கொதிக்கும் பாத்திரத்தைச் சோதித்தார், குழந்தைகளின் எடை எழுதியதைப் பார்த்தார். எதிலும் குறை இல்லை. பிறகு கேட்டார்.

"இதி ஏமி அம்மாயி? யூனிஃபார்ம் எங்க?"

தாட்சாயணி வழக்கமான பதிலைச் சொன்னாள். வரலட்சுமி தலையாட்டவில்லை.

"அப்படியா. நான் பார்க்கணுமே. போய் வெள்ளை கட்டிக்கிட்டு வா. ரெண்டு பேரும் ஊருக்குள்ள போவோம்."

பெட்டியின் அடியில் மடிந்து கிடந்த வெள்ளைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு தாட்சாயணி அவரோடு நடந்தாள். முதலில் போனது கமலம்மாவின் வீட்டுக்குத்தான். கமலம்மாவைச் சுற்றி இப்போது பேரப்பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

வரலட்சுமி நேராகவே கேட்டார். "இந்தப் பொண்ணு இப்படி வெள்ளையில வந்தா பிரசவத்துக்கு உள்ள விடுவீங்களா, மாட்டீங்களா?"

கமலம்மா தாட்சாயணியின் வெள்ளையைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள். பிறகு, "இன்னாம்மா கேள்வி இது? மொத வாட்டி ஆருன்னு தெரியாது, தடுத்தேன். இப்ப இவ கோணியைச் சுத்திக்கினு வந்தாலும் உள்ள வுடுவோம். எங்க வூட்டுப் பொண்ணு" என்றாள். சொல்லிவிட்டுப் பெருமையோடு தாட்சாயணியைப் பார்த்தாள். நல்லது செய்துவிட்டதாக அவள் நினைப்பு.

அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டில், "வெள்ளையும் நல்லாத்தான் கீது" என்றார்கள். தாட்சாயணிக்குக் காது சுட்டது. ஊரே அவள் மேல் வைத்திருந்த பிரியம் ஒன்றுகூடி அவள் பதிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

ஏரிக்கரை வழியாக இருவரும் திரும்பினார்கள்.

"எந்துகு பொய் சொன்னே?" என்றார் வரலட்சுமி.

"பொய் இல்லீங்கம்மா. மொத நாளு நெஜமாவே தடுத்தாங்க. அப்புறம் நான் கேக்கவே இல்ல. கேட்டா, சரி வான்னு சொல்லிடுவாங்களோன்னு."

சொன்னபிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. கம்பவுண்டரைக் கேட்டாள், நர்ஸைக் கேட்டாள், வண்ணாரைக் கேட்டாள். கேட்க வேண்டிய ஊரை மட்டும் இத்தனை வருஷமும் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

"நீ எல்லார்கிட்டயும் போய் எதுக்கு வெள்ளைன்னு கேட்டியாமே. சித்தூர்ல சொன்னாங்க" என்றார் வரலட்சுமி. "இந்த ஊர்ல வெள்ளைன்னா ஆகாது. எங்க பக்கம் கல்யாணத்துக்கே மதுபர்க்கம்னு வெள்ளைதான் கட்டுவாங்க. மஞ்சள் தடவி, சிவப்புக் கரை வெச்சு. நானும் கட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி வெள்ளை கட்டிவிட்டாங்க. அதுல மஞ்சளும் இல்ல, கரையும் இல்ல."

தாட்சாயணி நின்றுவிட்டாள். வரலட்சுமி நடந்துகொண்டே இருந்ததால் அவளும் வேகமாக நடந்து அவரைப் பிடித்தாள்.

"வீட்ல இருந்தவரைக்கும் நான் எதிர்ல வந்தா ஒதுங்குவாங்க. இந்த வேலைக்கு வந்தேன். வார்டுல பார்த்தா எல்லாரும் வெள்ளை. யாரு எப்படின்னு யாருக்கும் தெரியாது. யாரும் கேக்கல. அன்னிக்குத்தான் நான் நிமிர்ந்து நடந்தேன். எதுக்கு வெள்ளைன்னு கேட்டியே, எங்கிட்டயும் ஒரு பதில் இருக்கு பார்."

தாட்சாயணி கேட்டு வைத்திருந்த எல்லாப் பதில்களையும்விட அது கனமாக இருந்தது. ஏரியில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடந்தது. கரை முடியும் இடம் வரை வந்தபிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்கு எந்தக் கலரு புடிக்கும்மா?"

"அதை என்னை யாரும் கேட்டதில்ல" என்றார் வரலட்சுமி. அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை. ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மரி? இப்ப ரிப்போர்ட்ல நான் என்ன எழுதறது?" என்றார்.

"எனக்குப் புடிச்சிருக்கு, கட்டிக்கறேன்னு எழுதுங்க."

"அது காரணம் ஆகாதே."

"வேற காரணம் எங்கிட்ட இல்லீங்கம்மா. இருந்ததெல்லாம் இன்னிக்குப் போயிடுச்சு."

வரலட்சுமி அவளை உற்றுப் பார்த்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. சொன்னதை அப்படியே எழுதிவிட்டார்.

சித்தூரிலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லி உத்தரவு வருவதற்குள் வருஷம் திரும்பிவிட்டது. எங்கே பார்த்தாலும் எல்லைப் பேச்சுதான். திருத்தணி மதராஸுக்கு, நகரி எங்கே என்று டீக்கடையில் ஆளுக்கொரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். தாட்சாயணி பச்சைப் புடவையோடேயே ஆபீஸுக்குப் போனாள். வராந்தாவில் குமாஸ்தா வேதாச்சலம் அவளை நிறுத்தினார். அவரும் தமிழர், புத்தூர்க்காரர்.

"உன் நல்லதுக்குச் சொல்றேம்மா. நகரி அந்தப் பக்கம் போவப் போவுதுன்னு பேச்சு. மதராஸுக்கே வேலையை மாத்திக்கறேன்னு எழுதிக் குடு. இந்தக் கேஸு இங்கயே நின்னுடும். நம்ம ஜனத்தோட இருக்கலாம்."

தாட்சாயணி யோசித்தாள். "அந்தப் பக்கம் மருத்துவச்சிங்களுக்கு இன்னா கலரு சார்?"

வேதாச்சலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அங்கயும் வெள்ளைதாம்மா."

"அப்ப எதுக்கு அவ்ளோ தூரம் போவணும்?"

உள்ளே இருந்த அதிகாரி வயசானவர், பொறுமைசாலி. ரிப்போர்ட்டை ஒரு தடவை படித்தார். சந்தேகம் வந்து இன்னொரு தடவை படித்தார்.

"பிடித்திருக்கிறதுன்னு எழுதியிருக்காங்களே, நீ சொன்னதா?"

"ஆமா சார்."

"உன் வேலையில எனக்குக் குறை இல்ல. ஆனா எல்லாரும் பிடிச்சதைக் கட்டிக்கிட்டு வந்தா?"

"எல்லாருக்கும் அது புடிக்காது சார். சிலருக்கு வெள்ளைதான் வசதி. அது எனக்கு இப்ப தெரியும். நான் எனக்கு மட்டுந்தான் கேக்கறேன்."

"ரூல்ல உனக்கு மட்டும்னு ஒண்ணு கிடையாதும்மா."

"வெள்ளைன்னு போட்ட ரூல்ல காரணம் போட்டிருக்கா சார்?"

அவர் சிரித்தார். "காரணம் போட்டா ஆளுக்கு ஒரு எதிர்க்காரணம் கொண்டுவருவீங்க. அதனாலதான் போடறதில்ல." பிறகு முடிவைச் சொன்னார். ஈச்சங்குப்பத்திலேயே இருக்க வேண்டுமானால் காலையும் மாலையும் வெள்ளை. இல்லையென்றால் திருப்பதிக்கு மாற்றல், அங்கே பெரிய வார்டு, மேட்ரன் பார்த்துக்கொள்வார். எது வேண்டுமோ அவளே சொல்லலாம்.

ஊரில் இருந்தால் மருத்துவச்சிக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. எழுந்தது முதல் படுக்கும் வரை அவள் மருத்துவச்சிதான். கிணற்றடியிலும் வெள்ளை, சந்தையிலும் வெள்ளை. வார்டில் மணி அடித்தால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அவள் யாருக்கும் நர்ஸ் இல்லை. இந்தக் கணக்கை அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டு முடித்தாள்.

"திருப்பதி போறேன் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, ஈச்சங்குப்பத்தில் மூட்டை கட்டும்போது கை ஓடவில்லை. கமலம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். தான் சொன்ன வார்த்தைதான் பெண்ணை ஊரைவிட்டுத் துரத்திவிட்டது என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"வுட மாட்டோம்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாமேடி. எனக்குத் தெரியாம போச்சே."

"நீங்க நெஜத்தைச் சொன்னீங்க. அது எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு" என்றாள் தாட்சாயணி. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி அந்த நிமிஷம்தான் உண்மையாகிக்கொண்டிருந்தது.

திருப்பதி வார்டில் அவள் வெள்ளைக்கு முரண்டு பிடிக்கவில்லை. முதல் நாளே மேட்ரனிடம் ஒன்று மட்டும் கேட்டாள்.

"மணி அடிச்சப்புறம் கேட்டைத் தாண்டற வரைக்கும் வெள்ளையிலதான் போவணுமா?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. மற்றப் பெண்கள் வெள்ளையோடேயே வந்து வெள்ளையோடேயே விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மேட்ரன், "மணி அடிச்சா உன் பாடு" என்றார்.

அன்றிலிருந்து மணி அடித்ததும் தாட்சாயணி துணி மாற்றும் அறைக்குள் போய், மாம்பழ மஞ்சளிலோ மழை வானத்திலோ வெளியே வருவாள். சில மாதத்தில் இன்னும் இரண்டு மூன்று பெண்களின் பைகளில் கலர்ப் புடவை மடிந்து வந்தது. சிலர் மாற்றவே இல்லை. ஏன் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டியிருந்தது அவளுக்கு.

ஒரு தடவை வரலட்சுமி வார்டைப் பார்வையிட வந்தார். நர்ஸுகள் வரிசையாக நின்றார்கள், எல்லாரும் வெள்ளை. தாட்சாயணியும் அந்த வரிசையில் நின்றாள். வரலட்சுமி அதே கஞ்சி போட்ட வெள்ளையில் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தபோது, வாசலில் நின்ற நோயாளியின் தாயாருக்கு யார் அதிகாரி, யார் நர்ஸ், யார் வீட்டில் என்ன என்று ஒன்றும் தெரியாதென்று தாட்சாயணிக்குத் தோன்றியது. அந்த வரிசையில் நிற்பது அவளுக்கு உறுத்தவில்லை. வரலட்சுமி அவள் முன்னால் நின்று, "பாகுன்னாவா?" என்று நலம் மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

பங்குனியில் எல்லை முடிவானது. திருத்தணி மதராஸுக்குப் போயிற்று. நகரி ஆந்திராவிலேயே நின்றது. கன்னையா இனி எந்தச் சந்தைக்கு நெய்வது என்று குழம்பிப்போயிருப்பதாகத் தகவல் வந்ததால், தாட்சாயணி லீவு போட்டு ஊருக்குக் கிளம்பினாள். கறுப்பில் மெல்லிய வெள்ளைக் கட்டம், செம்பருத்திச் சிவப்பில் விரற்கடைக் கரை. பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே அவளைப் பார்த்துத் தயங்கினார்.

"ஏ ஊரும்மா மீதி?" என்று தெலுங்கில் ஊரைக் கேட்க ஆரம்பித்து, அவள் சிரித்ததும் தமிழுக்கு மாறினார். "மதராஸா?"

"இல்ல."

"டீச்சரம்மாவா?"

"இல்ல."

"கறுப்பைக் கட்டிக்கினு கீறீங்க. எதுனா கட்சியா?"

முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் திரும்பி, "பாட்டு சொல்லிக்குடுக்கறவங்க மாதிரி கீது" என்று தன் பங்குக்குச் சொன்னாள். புத்தூர் தாண்டும்வரை இது நடந்தது. அவள் என்ன வேலை பார்ப்பவள், எந்த ஊர்க்காரி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தாட்சாயணி ஜன்னலோரம் காற்று முகத்தில் அடிக்க உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டு வந்தாள்.

நகரியில் இறங்கியபோது கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டார். "சொல்லிட்டுத்தான் போங்களேம்மா."

"வெள்ளிக்கிழமை திரும்பி வருவேன். அதுக்குள்ள யோசிச்சு வைங்க" என்றாள் தாட்சாயணி.